கிரேக்க வீரரும் நம் நடுகல்லும்: ஹார்வர்ட்டின் இலவசப் பாடநெறி பற்றிய ஒரு மதிப்பீடு

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் கிரெகரி நாஜ் தம் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பல்லாண்டு காலம் நடத்திவந்த பாடம் 2013 ஆம் ஆண்டில் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் வழியாக எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க பாடநெறியாக வெளிவந்தது. அதே ஆண்டில், 'இருபத்து நான்கு மணிநேரத்தில் பண்டைய கிரேக்க வீரர்' என்று பொருள்படும் தலைப்பில் அதற்குரிய நூலையும் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பண்டைய கிரேக்க இலக்கியத்தைப் பட்டப்படிப்புத் தரத்தில் படிக்க விரும்பும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம் என்பதே என் முடிவு. ஆயினும் இதை மட்டும் முடித்துவிட்டுக் கிரேக்க இலக்கியம் கற்றுவிட்டோம் என்று எவரேனும் சொன்னால் அதனை நான் ஏற்கமாட்டேன். இவ்விரண்டு கூற்றுகளுக்குமான காரணங்களையே கீழே எழுதுகிறேன்.

இத்தகைய பாடநெறிக்கு இங்கே தேவை உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் என்று ஒரு பாடமே இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் படித்தவர்களுக்குக் கிரேக்க அரங்கும் சோபோகிளீசின் பெயரும் புதியவையல்ல. பேராதனையிலும் களனியிலும் மேலைத்தேயச் செவ்வியல் கற்பிக்கப்பட்டு வந்த மரபும் நாட்டில் உண்டு. ஆனால், உயர்தரத்தில் ஏற்பட்ட ஆர்வத்தை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே வளர்த்தெடுக்க விரும்பும் ஒருவர் பெரும்பாலும் தாமே நூல் தேடி, தாமே வாசித்து, ஐயம் வந்தால் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டியவராகிறார். அவருக்கு முதலில் வேண்டியது எதை, எந்த வரிசையில், எவ்வளவு நிதானமாக வாசிப்பது என்று சொல்லித்தரும் ஓர் ஆசிரியக் குரல். இப்பாடநெறி அந்தக் குரலைத் தருகிறது.

பாடநெறி மூன்று பொருள்களால் ஆனது: காணொளி உரையாடல்கள், மேலே குறிப்பிட்ட நூல், மூலப் பனுவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பு. நூலும் தொகுப்பும் வாஷிங்டனில் உள்ள ஹார்வர்ட்டின் கிரேக்கவியல் ஆய்வு மையத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. எழுநூறு பக்கங்களைக் கடந்த அச்சுப் பதிப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது சிறிய உதவியன்று. எட்எக்ஸ் தளத்தில் சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும். சான்றிதழை நோக்கமாகக் கொள்பவர்களுக்கு நான் சொல்வதற்கு அதிகம் இல்லை.

'இருபத்து நான்கு மணிநேரம்' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிடக் கூடாது. அது அத்தியாயங்களின் எண்ணிக்கையே. ஹோமரின் இரு காவியங்களுள் இலியட் மட்டும் 15,693 வரிகள் கொண்டது. ஒடிசி 12,000 வரிகளுக்கும் மேற்பட்டது. இவற்றுடன் ஹீசியட், சாஃபோ, பிண்டார் ஆகியோரின் பாடல்கள், ஈஸ்கிலசின் ஒரெஸ்தீயா முந்நாடகங்கள், சோபோகிளீசின் இரண்டு ஈடிப்பஸ் நாடகங்கள், யூரிப்பிடீசின் இரண்டு நாடகங்கள், ஹெரோடோட்டசிலிருந்து சில பகுதிகள், பிளேட்டோவின் இரண்டு உரையாடல்கள் எல்லாம் சேர்கின்றன. வேலைக்குப் போய்வந்து இரவில் வாசிப்பவருக்கு இது மாதக்கணக்கான உழைப்பு. அந்த உழைப்பைக் குறைப்பதற்கு நாஜ் எந்தக் குறுக்குவழியும் காட்டுவதில்லை. மாறாக, மெதுவாக வாசியுங்கள் என்றே திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். ஒரு பத்தியை எடுத்து, அதில் வரும் ஒரு தொடர் அதே காவியத்தில் வேறு எங்கெங்கே வருகிறது என்று தேடிச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் அதன் நிறம் எப்படி மாறுகிறது என்று காட்டிய பின்னரே அடுத்த பத்திக்கு நகர்கிறார். உரையாசிரியர்களின் வழியில் சங்க இலக்கியம் படித்துப் பழகியவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

நூலின் மிகச் சிறந்த பகுதி, என் கணிப்பில், புலம்பலைப் பற்றிய மூன்றாம் அத்தியாயமே. போர்க்காவியம் என்று நாம் கேள்விப்பட்ட இலியட்டின் இறுதியில் இருப்பது வெற்றி முழக்கமன்று, இழவு வீடு. திரோய் நகரத்து வீரன் ஹெக்டரின் உடலை மீட்டுவந்து வீட்டில் கிடத்துகிறார்கள். ஒப்பாரி பாடுவதற்கென்றே பாடகர்கள் வந்து அமர்கிறார்கள். அவர்கள் பாட, சூழ நிற்கும் பெண்கள் அழுகையால் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். பின்னர் மனைவி அந்திரோமகி கணவனின் தலையைக் கைகளில் ஏந்திக்கொண்டு புலம்பலைத் தொடங்குகிறாள். அடுத்துத் தாய் ஹெக்கபே, அவளுக்குப் பின் ஹெலன். அந்திரோமகியின் புலம்பல் இறந்தவனை விளித்து, இளவயதிலே போய்விட்டாயே என்று தொடங்குகிறது. பின்னர் கைக்குழந்தையின் எதிர்காலத்தை எண்ணி நடுங்குகிறது. இறுதியில், படுக்கையில் கிடந்து என்னை நோக்கிக் கை நீட்டி, இரவும் பகலும் நினைத்து அழுவதற்கு ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று முறையிட்டு முடிகிறது.

நம் ஊர்களில் முதிய பெண்கள் ஒப்பாரி சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இப்பகுதியில் விளக்கவுரை வேண்டியதில்லை. இறந்தவனை நேரே விளிப்பது, அவன் இருந்த காலத்துச் சிறப்பையும் இனி வரப்போகும் சீரழிவையும் அடுத்தடுத்து வைப்பது, தன் துயரத்தின் ஊடே உறவினர்மீது குற்றஞ்சாட்டுவது, ஒருத்தி விட்ட இடத்திலிருந்து மற்றொருத்தி எடுத்துச் செல்வது ஆகிய யாவும் நமக்குப் பழக்கமானவை. இவற்றுள் ஒன்றைக்கூட நாஜ் தமிழிலிருந்து எடுத்துக் காட்டவில்லை. அவர் ஒப்பிடுவதெல்லாம் அண்மைக்காலக் கிரேக்க நாட்டுப்புறத்தையும் பிற நாடுகளின் மரபுகளையுமே. ஆயினும் அவர் எழுப்பும் கேள்வி நமக்கு உரியது: வீரனின் புகழைப் பாடும் கவிதையும் அவனுக்காக அழும் பெண்ணின் பாடலும் வெவ்வேறா, அல்லது பின்னையதிலிருந்து முன்னையது பிறந்ததா? நெடுங்காலம் வாழ்ந்து பெயரின்றிப் போவதா, இளமையிலே மடிந்து அழியாப் புகழ் பெறுவதா என்று இலியட்டின் ஒன்பதாம் பாகத்தில் கிரேக்கப் பெருவீரன் அக்கிலீஸ் தனக்குத்தானே வைக்கும் தெரிவை, இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கும்போது அது வெறும் வீரவசனமாக ஒலிப்பதில்லை. அவன் தெரிவு செய்யும் புகழ் யாருடைய கண்ணீரால் ஆனது என்பதும் சேர்ந்தே கேட்கிறது. போருக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு சமூகத்தில் இருந்து இதை வாசிப்பவர் அந்தப் பக்கங்களை விரைவாகப் புரட்டிவிட மாட்டார்.

இதற்கு அடுத்தபடியாக நான் மதிப்பது, இறந்த வீரருக்குக் கிரேக்கர் செய்த வழிபாட்டைப் பற்றிய அத்தியாயங்களை. காவியத்தில் மனிதனாகச் செத்துப்போகும் வீரன், ஊர்ப்புறத்துக் கல்லறையில் பலி பெறும் காவல் தெய்வமாக இருந்தான் என்பதும், ஹோமரின் கேட்போருக்கு இவ்விரண்டும் ஒருங்கே தெரிந்திருந்தன என்பதும் நாஜின் அடிப்படை வாதம். இதனை நிறுவ அவர் எடுக்கும் ஓர் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலியட்டின் 23 ஆம் பாகத்தில், அக்கிலீசின் இறந்துபோன தோழன் பற்றோக்கிளசின் நினைவாகத் தேரோட்டப் போட்டி நடைபெறுகிறது. முதியவன் நெஸ்டர் தன் மகனை அழைத்து, தேர் திரும்ப வேண்டிய இடத்தின் அடையாளத்தைச் சொல்கிறான். பட்டுப்போன ஒரு மரத்தண்டு, அதன் இருபுறமும் சாய்த்து வைத்த இரு வெள்ளைக் கற்கள். அது எப்போதோ இறந்துபோன ஒருவனின் சமாதியாகவும் இருக்கலாம், பழங்காலத்தார் நட்ட பந்தயக் குறியாகவும் இருக்கலாம் என்கிறான் கிழவன். மேலோட்டமாக வாசிப்பவர் இதை ஓட்டப்பந்தய ஆலோசனையாகக் கடந்துவிடுவார். நாஜோ இந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, பெயர் மறைந்த வீரனின் நினைவை எப்படி வாசிப்பது என்பதையே காவியம் இங்கே கற்றுத்தருகிறது என்று காட்டுகிறார்.

புறநானூற்றில் நடுகல் வரும் பாடல்களைப் படித்தவர்கள் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். பகைவர் முன்நின்று தடுத்து யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வழிபடும் தெய்வம் எங்களுக்கு வேறில்லை என்று மாங்குடி கிழார் பாடிய 335 ஆம் பாடலை இந்த அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். நம் நடுகல் வழியில் போகிறவர் காண நிற்பது. சோபோகிளீஸ் தம் முதுமையில் எழுதி, அவர் இறந்த பின் கி.மு. 401 இல் அரங்கேறிய 'கொலோனசில் ஈடிப்பஸ்' நாடகத்திலோ, ஈடிப்பஸ் மறைந்த இடம் தீசியஸ் மன்னனைத் தவிர எவருக்கும் தெரியக்கூடாது. அந்த இரகசியமே ஏதென்சுக்குக் காவல். இந்நாடகத்தை நாஜ், அதற்கு முந்திய கதையைச் சொல்லும் 'ஈடிப்பஸ் மன்ன'னுக்கு முன்னதாக வைத்துக் கற்பிக்கிறார். முதலில் இந்த வரிசை எனக்கு உவப்பாகப் படவில்லை. ஆனால் ஈடிப்பஸ் எங்கே போய் முடியப்போகிறான் என்பதை அறிந்துகொண்டு முதல் நாடகத்திற்குத் திரும்பும்போது, அங்கே அவன் தீட்டாகித் துரத்தப்படுவதன் பொருள் கனத்துவிடுகிறது. உயர்தர நாடகப் பாடத்தில் விதியின் கொடுமை என்று சுருக்கிப் படித்ததை இங்கே மறுபடியும் படிக்க நேரும்.

பாடநெறியில் பலர் தவறவிடக்கூடிய ஒரு நூலையும் சொல்லிவிடுகிறேன். உரோமப் பேரரசுக் காலத்தில் பிலோஸ்திராட்டஸ் எழுதிய, வீரரைப் பற்றிய உரையாடல் அது. முந்திரிகைத் தோட்டக்காரன் ஒருவன், அவ்வழியே வந்த பினீசிய வணிகனுக்கு, திரோய் போரில் முதலில் மடிந்த புரொத்தெசிலாஸ் தன் தோட்டத்தில் உலாவுவதையும், பயிர்ச்செய்கைக்குத் துணை நிற்பதையும், ஹோமர் சொல்லாமல் விட்டதைச் சொல்லித் தருவதையும் எடுத்துரைக்கிறான். வணிகன் நம்பாமல் தொடங்கி மெல்ல நம்பிக்கைக்கு வருகிறான். முந்திரிகைப் பந்தலும், தோட்டக்கிணறும், வேலியோரத்தில் வைரவர் சூலமும் ஒருங்கே இருக்கும் நிலத்தில் வாழ்பவர்கள் இதை இன்னும் விரைவில் நம்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தவர் இப்பாடநெறியைப் படிப்பதற்கு மற்றொரு தனிக்காரணமும் உண்டு. 1974 இல் இங்கே பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த க. கைலாசபதி, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் தம் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தவர். அந்த ஆய்வே 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல். அமெரிக்க ஹோமர் ஆய்வாளர் மில்மன் பரி 1930களில் யூகோஸ்லாவியப் பாணர்களிடம் பாடல்களைப் பதிவுசெய்து தொடக்கி, அவர் மாணவர் அல்பேர்ட் லோர்ட் வளர்த்த வாய்மொழிக் கவிதைக் கோட்பாட்டைக் கைலாசபதி புறநானூற்றுக்கும் பிற சங்கப் பாடல்களுக்கும் பொருத்திப் பார்த்தார். நாஜும் அதே பரி, லோர்ட் மரபில் வந்தவரே. ஆகவே கைலாசபதியின் நூலையும் நாஜின் நூலையும் அருகருகே வைத்து வாசிப்பவர், ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு ஆய்வுகளைக் காண்கிறார். சங்கப் பாடல்களை நேரடி வாய்மொழிப் படைப்புகளாகக் கொள்வதை அமெரிக்கத் தமிழறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் முதலானோர் மறுத்து, அவை பாணர் மரபைப் பின்பற்றிப் புலவர்கள் இயற்றியவை என்று வாதிட்டனர். ஹோமர் தொடர்பிலும் இதே வகையான வழக்கு நடக்கிறது. காவியங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பாடகர் வாயிலாக மெல்ல உறைந்து நிலைபெற்றன என்பது நாஜின் நிலைப்பாடு. இலியட் எழுத்தறிந்த ஒரு பெருங்கவிஞன் படைத்தது என்பது ஆங்கிலேயக் கிரேக்கவியலர் மார்ட்டின் வெஸ்டின் நிலைப்பாடு.

பாடநெறியின் முதற்குறையும் இங்கேதான் இருக்கிறது. இந்த வழக்கில் எதிர்த்தரப்பு இருக்கிறது என்பதைத் தொடக்க மாணவர் உணரும்படி நாஜ் போதிய இடம் கொடுக்கவில்லை. ஓர் அறிஞர் வாழ்நாள் முழுவதும் வளர்த்த கொள்கையை அவரிடமே கற்பது பெரும்பேறு. ஆனால் அது அவருடைய கொள்கை என்பது மறந்துபோகும் அளவுக்கு அவர் குரல் இனிமையானது. பட்டப்படிப்பு என்பது ஒரு வாசிப்பைக் கற்றுக்கொண்டு அதனோடு வழக்காடப் பழகுவதும் ஆகும் என்பதால், மறுதரப்பை வாசகர் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை பரப்பைப் பற்றியது. வீரர் என்ற ஒற்றை இழையில் எல்லாவற்றையும் கோத்திருப்பதால், அந்த இழையில் ஏறாதவை வெளியே நின்றுவிட்டன. அரிஸ்தோபனீசின் நகைச்சுவை நாடகங்கள் இல்லை, வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இல்லை, அலெக்சாந்திரியாக் கவிஞர்கள் இல்லை. சோபோகிளீசின் அந்திகொனியும் யூரிப்பிடீசின் மெடியாவும்கூட இடம்பெறவில்லை. ஏறியவற்றுள்ளும் சில இழுத்து ஏற்றப்பட்டவை. சோக்கிரட்டீஸ் நஞ்சருந்திய பின், அஸ்கிளேப்பியஸ் தெய்வத்துக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி உயிர் விடுவதை, உரையாடல் செத்துப்போகாமல் தொடர வேண்டும் என்பதற்கான குறிப்பாக நாஜ் விளக்குவது அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறது என்பதைவிட அதிகமாக என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகுப்பில் இருக்கும் இலியட்டும் ஒடிசியும் 19 ஆம் நூற்றாண்டின் முடிவில் சாமுவேல் பட்லர் செய்த உரைநடை ஆக்கங்களைத் திருத்தியவை. முக்கியமான கிரேக்கச் சொற்கள் அங்கங்கே மூலவடிவிலேயே சேர்க்கப்பட்டிருப்பது கற்பவருக்குப் பெரிய துணை. ஆனால் பாட்டின் ஓட்டம் அதில் இல்லை. எமிலி வில்சனின் ஒடிசி (2017), இலியட் (2023) ஆகிய செய்யுள் மொழிபெயர்ப்புகளுள் ஒன்றையேனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாஜ் குறிப்பிடும் பகுதிகளை அதில் உரக்க வாசித்தால் இக்குறை ஓரளவு தீரும். கிரேக்க மொழியையே கற்க விரும்புபவர்களுக்கு இப்பாடநெறி வாசலைக் காட்டுமேயன்றி உள்ளே அழைத்துச் செல்லாது. அவர்கள் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்துக்குப் போகலாம். அங்கே மூலப் பனுவலின் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணமும் அகராதிப் பொருளும் விரிகின்றன. சற்று மெதுவாக இயங்கும் தளம்தான், இலவசத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்தில் படித்தவர்களுக்கு நாஜின் ஆங்கிலம் தொடக்கத்தில் தடையாக இருக்கும். வாக்கியங்கள் கடினமானவையல்ல. ஆனால் பத்திக்குப் பத்தி எண்ணிட்டு, முன்னால் சொன்னதைப் பின்னால் சுட்டி, ஒரு வாதத்தை நான்கு அத்தியாயங்களுக்கு இழுத்துச் செல்லும் முறையால், இடையில் சில நாள்கள் விட்டவர் மீண்டும் பிடிப்பது எளிதன்று. காணொளிகள் இவ்விடத்தில் கைகொடுக்கின்றன. நாஜ் ஒரு மேசையில் சக ஆசிரியருடன் அமர்ந்து பேசுவதே அவற்றின் பெரும்பகுதி. அலங்காரம் கிடையாது. நூலில் மூன்று பக்கம் எடுத்துக்கொண்டதைப் பேச்சில் ஓரிரு நிமிடங்களில் சொல்லிவிடுகிறார். இணைய வசதி சீரில்லாத இடங்களில் இருப்பவர்கள் நூலையும் தொகுப்பையும் முதன்மையாகக் கொண்டு, காணொளிகளைத் தெரிவுசெய்து பார்ப்பதே நல்லது.

தனியாகத் தொடங்குபவர் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலியட்டின் 1, 6, 9, 22, 24 ஆம் பாகங்களை ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பில் முதலில் வாசித்துவிட்டு, நூலின் முதல் மூன்று அத்தியாயங்களை எடுத்துக்கொள்வதே வசதியான தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள் நேரே 16 ஆம் அத்தியாயத்திலிருந்து 21 வரை உள்ள நாடகப் பகுதிக்குப் போகலாம். சங்க இலக்கியம் கற்பவர்களுக்கு 7, 8, 11 ஆகியவை போதும், மீதியை அவை தாமே இழுத்துவரும். நான்கைந்து பேர் கூடிப் படிக்க முடிந்தால், ஒருவர் மார்ட்டின் வெஸ்டை வாசித்து வந்து மற்றவர்களை மறுக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது, பாடநெறியில் இல்லாத அந்த எதிர்த்தரப்புக்கு ஓரளவு ஈடாகும்.